அவர்கள் ஊரும் நம் ஊர் மாதிரித்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் கடந்து போனவனைச் சீனன் மறப்பதில்லை, தமிழன்தான் மறந்துவிடுகிறான் என்று தங்கள் தலையங்கம் வருத்தப்பட்டிருந்தது. அதை யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், சீனர்கள் அதிகம் வாழும் லாத்தா பகுதியில், ஓர் உளுந்துக் கிட்டங்கியில் உட்கார்ந்து படித்தேன். நான் அங்கே கணக்குப்பிள்ளை. முதலாளி ஃபுஜியான் மாகாணத்துப் பூர்வீகமுள்ள ஹொக்கியன் சீனர். பர்மியர் கணக்கில் 'நீளக்கை'ச் சட்டைக் கூட்டம். தச்சு வேலைக்கு வந்த கான்டனியர் 'குட்டைக்கை'. மாலையில் தலையங்கத்தை அவருக்குப் பர்மிய மொழியில் சொன்னேன். "எழுதினவர் எங்கள் ஊர்ப் பக்கம் போயிருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் தங்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்து அரசாங்கத்தின் கண்ணில் கடல் தாண்டியவன் முன்னோர் கல்லறையைப் போட்டுவிட்டு ஓடியவன். கலகக்காரனோடும் கடற்கொள்ளையனோடும் சேரக்கூடியவன். 1740இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு ஆட்சியின்கீழ் ஆயிரக்கணக்கான சீனர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். டச்சுக்காரரோடு வாணிபத்தை நிறுத்தலாமா என்று அரசவையில் பேசினார்கள். செத்தவர்கள் தாமாகவே ஊரை விட்டுப் போனவர்கள்தானே என்பதோடு பேச்சு அடங்கிவிட்டது. போனவன் ஊர் திரும்பலாம் என்று தடையை முறைப்படி நீக்கியது 1893இல். இங்கே ரங்கூன் ஸ்ட்ராண்டு சாலையில் ஹொக்கியன் கோயில் 1860களிலேயே எழுந்தாயிற்று.

பிறகு ஏன் மனம் மாறியது? பணம் வர ஆரம்பித்தது. சிங் ஆட்சியை வீழ்த்தக் கிளம்பிய சுன் யாட்-சென் தம் புரட்சிக்கு உண்டியல் குலுக்கியது சிங்கப்பூர், பினாங்கு, அமெரிக்கச் சீனரிடம். அவர்களைப் 'புரட்சியின் தாய்' என்று கொண்டாடும் வாசகம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. குவாங்டுங் மாகாணத்துக் கைபிங்கில், வயலுக்கு நடுவே கோட்டை மாதிரி மாடி வீடுகள் நிற்கின்றன. எல்லாம் வெளிநாட்டுச் சம்பாத்தியம். 2007இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. வெளிநாட்டுப் பணம் வரும் வீடாகப் பார்த்துக் கொள்ளைக்காரர்கள் வந்ததால்தான் அந்தக் கனத்த சுவரும் துப்பாக்கித் துளையும். காரைக்குடி வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நம்மவர்கள் துப்பாக்கித் துளை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளியின் சித்தப்பா 1950களில், வாலிப வயதில், புதுச் சீனாவைக் கட்டப் போகிறேன் என்று இங்கிருந்து கப்பலேறியவர். அப்படிப் பலர் போனார்கள். 1966இல் மாவோ தொடங்கிய கலாச்சாரப் புரட்சி வந்ததும் அவர் கோப்பில் 'வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்' என்று எழுதினார்கள். ரங்கூனில் கடை வைத்திருக்கும் அண்ணன், அவர் அனுப்பிய சட்டைத்துணி, எண்ணெய் டின் எல்லாமே குற்றத்துக்குச் சாட்சி. கடிதம் நின்றுபோனது. ஏறக்குறைய அதே சமயம், 1967 ஜூனில், இங்கே சீனப் பள்ளி மாணவர்கள் மாவோ பேட்ஜ் அணிந்த விவகாரம் கலவரமாக வெடித்தது. சீனர் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, உயிர்களும் போயின. பீக்கிங்கில் பர்மா தூதரகத்தின் முன்னால் பெரும் பெரும் ஊர்வலங்கள் நடந்தன, கண்டன அறிக்கைகள் பறந்தன. லாத்தாவில் ஒரு கதவைக்கூட அவை காப்பாற்றவில்லை என்பார் முதலாளி. அந்தக் குடும்பம் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். அங்கே தம்பி வெளிநாட்டான் உறவு என்பதால் சந்தேகத்துக்குரியவன். இங்கே அண்ணன் சீனன் என்பதால் சந்தேகத்துக்குரியவன்.

மாவோவுக்குப் பின் சீனாவை நடத்திய டெங் சியாவ்பிங் காலத்தில் காற்று திசை மாறியது. எந்த உறவு குற்றமாக இருந்ததோ அதற்கே மரியாதை. கிராமத்திலிருந்து கடிதம் வந்தது: பள்ளிக்கூடம் கட்டுகிறோம், தங்கள் குடும்பத்தின் பெயரில் ஒரு வகுப்பறை இருந்தால் ஊருக்கே பெருமை. முதலாளியின் தகப்பனார் பணம் அனுப்பினார். பெயர் வெட்டிய கல்லின் புகைப்படம் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அது என்ன என்று யாராவது கேட்டால் முதலாளி "ரசீது" என்பார்.

இன்றைய சீனாவிலும் எல்லோருக்கும் ஒரே எண்ணம் கிடையாது. ஃபுஜியானில் சாங்லே, ஃபுச்சிங் பக்கம் ஒரு காலத்தில் வெளிநாடு போகாத வாலிபனைத்தான் உதவாக்கரை என்பார்கள். கடன் வாங்கிக் கள்ளக்கப்பல் ஏறினார்கள். 1993இல் நியூயார்க் கரையில் தரைதட்டிய கோல்டன் வென்ச்சர் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஃபுஜியான்காரர்கள். நகரத்துப் படித்த பிள்ளை அமெரிக்காவில் தங்கிவிட்டாலோ கதை வேறு, இணையத்தில் 'துரோகி' பட்டம். அப்படித் திட்டும் ஆட்களே, 2008 பால்பவுடர் கலப்படத்துக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரனிடம் டின் டின்னாக அனுப்பச் சொன்னார்களாம். வியாபாரத்துக்காக இங்கே வந்துபோகும் முதலாளியின் உறவுக்காரப் பையன் சொன்னது இது. மனைவி மக்களை வெளிநாட்டில் குடிவைத்துவிட்டுத் தனியாக உள்ளூரில் பதவி வகிப்பவர்களுக்கு அங்கே 'நிர்வாண அதிகாரி' என்று பெயர். 2014இல் கம்யூனிஸ்ட் கட்சி அவர்கள்மேல் பிடியை இறுக்கியது.

கொரோனா தொடங்கியபோது வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களைக் கேலி செய்து இணையத்தில் ஒரு வாசகம் சுற்றியது: நாட்டைக் கட்டும்போது உன்னைக் காணோம், பல்லாயிரம் காதம் தாண்டி விஷம் கொண்டுவர மட்டும் முதல் ஆளாக ஓடிவந்தாய். பெற்ற ஊர் சொன்ன வரவேற்புரை, ஐயா. இரண்டு வருடம் கழித்து ஷாங்காயைப் பூட்டி வைத்தபோது, எந்த நாட்டுக்குப் போகலாம், எப்படிப் போகலாம் என்று தேடியவர்களில் அன்று கேலி செய்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

வீட்டுத் தாய்மார்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பணத்தோடு சேர்ந்து வந்த கடிதங்களைத் தென்சீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தன. 2013இல் யுனெஸ்கோ அவற்றையும் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நான் சொல்வது அரசாங்கத்தையும் ஊர் வாயையும்.

நம் பக்கத்தையும் சொல்கிறேன். 1964இல் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலில் போய் இறங்கியவர்களை நம் ஊர் 'பர்மா அகதி' என்றது. அதற்கு முந்தைய தலைமுறையில், பெட்டி நிறையக் கொண்டுவந்தவரை அதே ஊர் மேளம் வைத்து அழைத்தது. எங்கள் இளைஞர்கள் இப்போது ஏன் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி இங்கிருந்து நான் எழுதப்போவதில்லை.

ஒரு திருத்தம் மட்டும் அவசியம். சீன அரசு தன் வம்சாவளியினருக்கெல்லாம் குடியுரிமை தருகிறது என்று தலையங்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர்களுடைய 1980ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவனுக்குச் சீனக் குடியுரிமை தானாகவே போய்விடும். சீனப் பிரதமர் சூ என்லாய் 1956இல் ரங்கூன் வந்தபோதே இங்குள்ள சீனரிடம், இந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள், இந்த மொழியைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நமக்காவது இந்தியா 2005 முதல் ஓ.சி.ஐ. என்று ஒரு வம்சாவளி அட்டை தருகிறது. பாட்டன் ஊருக்குப் பத்திரம் இல்லாத எங்களில் பலருக்கு அது கிடைக்காத கதை வேறு, அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். குடியுரிமை பற்றிய அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளை,
லாத்தா, யாங்கோன்