என் தண்டுகளைக் கழித்துப் போட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். கையால் இழைத்த மர அம்புத்தண்டுகள் ஒரு கட்டு தேறிவிட்டது. பருமன் ஒத்துப்போகிறது, நேராக இருக்கின்றன, எய்து பார்த்ததில் ஒன்றும் தடம் மாறவில்லை. "நீயே செய்ததா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. பாதிக்கு மேல் உங்கள் கண்ணும் கையும் செய்த வேலை. அதைப் பலரறியச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி தச்சர் ஐயாவுக்கு. நான் வந்தது இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொள்ள. நீங்களோ மரம் பார்க்க உட்கார வைத்தீர்கள். கணு இல்லாத, வழவழப்பான பலகை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் பேசாமல் இழைத்த முகத்தில் ஒரு சொட்டு மை விட்டீர்கள். மை வட்டமாகப் பரவவில்லை. நாரோடு நாராக இறங்கி, மயிரிழைக் கோடாக நீண்டது. அந்தக் கோடு பலகையின் ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. "நார் பாதியிலேயே வெளியே ஓடுது பாருங்க. நாண் உந்தும்போது இந்த இடத்தில்தான் பிளக்கும். பிளந்தால் சிராய் வில் பிடித்த கையில்தான் ஏறும்" என்றீர்கள். பலகை ஓரமாகப் போனது. அடுத்ததும் போனது. அப்புறம் எடுத்ததும் அதே கதிதான். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது உண்மை, ஐயா. இன்றைக்கு மரம் எடுக்கும்போது என் கை முதலில் தேடுவது மைக்குப்பியைத்தான்.

ரம்பம் கோட்டை மதிக்கும், நாரை மதிக்காது, அதனால் முடிந்தவரை பிளந்தே எடுக்க வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். பிளந்த சட்டத்தைப் பத்து மில்லிமீட்டர் சதுரமாக்கி, முக்கோணப் பள்ளம் வெட்டிய உங்கள் கட்டையில் கிடத்தி, மூலைகளைச் சீவினால் எட்டுப் பட்டை. அதன் மூலைகளையும் சீவினால் பதினாறு. அதற்குப் பிறகு இழைப்புளிக்கு வேலை இல்லை. குழிந்த கட்டையில் உப்புத்தாளை வைத்துத் தண்டை உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டியதுதான். ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்த வேண்டும். கண்ணுக்கு உருண்டையாகத் தெரிவதை விரல் ஒப்புக்கொள்வதில்லை. பட்டை இன்னும் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். விரல் சொல்வதைக் கேள் என்றீர்கள், கேட்டேன்.

அடுத்து, வில்வித்தைப் பயிற்சி தரும் அக்கா. அழகாக வந்துவிட்டது என்று நான் நீட்டிய தண்டுகளை நீங்கள் அழகுக்காகப் பார்க்கவே இல்லை. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 2 பவுண்டு எடை, தண்டு எவ்வளவு தொங்குகிறது என்று அளவு. தொங்கல் எத்தனை அங்குலமோ அதனால் 26-ஐ வகுத்தால் தண்டின் விறைப்பு பவுண்டுக் கணக்கில் வந்துவிடும். அரை அங்குலம் தொங்கினால் 52. ஒரே பலகையில் பிறந்து, ஒரே பருமனில் இழைத்த தண்டுகள்கூட வெவ்வேறு எண் காட்டின. ஒன்றுக்கொன்று ஐந்து பவுண்டு வித்தியாசத்துக்குள் அடங்கியவற்றை மட்டும் ஒரு கட்டாக்கினீர்கள், மற்றவற்றைத் தள்ளிவிட்டீர்கள்.

அதன் காரணத்தை நீங்கள் விளக்கிய விதத்தை மறக்க மாட்டேன். அம்பு விடுபட்டதும் நேராகப் போவதில்லை; வில்தண்டு குறுக்கே நிற்பதால் நெளிந்து அதைச் சுற்றிக்கொண்டு போய், பிறகுதான் நிமிர்கிறது. வலக்கைக்காரர் எய்யும்போது அளவுக்கு மீறி விறைத்த தண்டு இடப்பக்கம் ஒதுங்கும், தொய்ந்த தண்டு வலப்பக்கம் போகும். குறி தப்பினால் கையைத் திட்டிக்கொள்கிறோம், குற்றவாளி தண்டாக இருக்கும்போதும். நாண் பொருந்தும் காடியை மரத்தின் வளர்ச்சி வளைய ரேகைகளுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும், ரேகையோடு வெட்டினால் நாணே தண்டைப் பிளந்துவிடும் என்பதும் உங்களிடம் கற்றதுதான். எய்வதற்கு முன் ஒவ்வொரு தண்டையும் வளைத்து, காதருகே வைத்துக் கேட்கும் வழக்கத்தை ஒட்டவைத்ததற்குத் தனியாக ஒரு நன்றி. லேசாக நொறுங்கும் சத்தம் வந்தால் அத்தோடு அந்தத் தண்டின் கதை முடிந்தது. (தள்ளுபடியானவை வீணாகவில்லை அக்கா. தொட்டிச் செடிகளுக்கு ஊன்றுகோலாக நிற்கின்றன.)

இறகு கொடுத்த தம்பிக்கும் நன்றி. ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும் என்று தெரிந்து, இடம் வேறு வலம் வேறாகப் பிரித்துக் கட்டி அனுப்பியிருந்தாய். எனக்கு அது எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியது தெரியுமா? வளைவு எடுக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு: கண்ணாடிப் பலகையில் தண்டை உருட்டினால் அடியில் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று இப்போது உடனே தெரிகிறது, ஐயா. அங்கே சூடு காட்டி, உள்ளங்கை அடிப்பகுதியால் அழுத்தி, ஆறும்வரை விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.

கடைசியாக, வரலாறு சொல்லும் ஆசிரியருக்கு. தண்டுகள் தொடர்ந்து கழிந்துகொண்டிருந்த நாளில் ஏட்சி மனிதனைப் பற்றிச் சொன்னீர்கள். 1991-இல் ஆல்ப்ஸ் மலையின் பனியில் உறைந்த உடலாகக் கிடைத்த அவர் வாழ்ந்தது ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால். அவருடைய அம்பறாத்தூணியில் 14 தண்டுகள். எய்யத் தயாராக இருந்தவை இரண்டே இரண்டு. அந்தக் காலத்து ஆளே பன்னிரண்டை அரைகுறையாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார், உனக்கென்ன அவசரம் என்று கேட்டீர்களே, மறுநாள் மறுபடி இழைப்புளியைத் தீட்டியது அதனால்தான்.

தச்சர் ஐயாவின் பள்ளக் கட்டையும் அக்காவின் எடைக்கல்லும் இன்னும் என்னிடமே இருக்கின்றன. துடைத்து வைத்திருக்கிறேன், அடுத்துப் பழக வருபவர் யார் என்று சொன்னால் நேரே அவர் கையில் சேர்த்துவிடுகிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தண்டு எடுத்து வைத்திருக்கிறேன். காடி மட்டும் வெட்டவில்லை. உங்கள் நாணின் பருமனைச் சொல்லுங்கள், அளவாக வெட்டித் தருகிறேன். பிடிக்காவிட்டால் தாராளமாகக் கழித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தண்டு இழைக்கப் பழகிவரும் உங்கள் மாணவன்