பழைய மின் ஓர்கனை இரும்புக் கடைக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகருக்குள் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் அண்மையில் ஹமொண்ட் ஓர்கன் ஒன்று கவிழ்ந்து கிடக்கக் கண்டேன். பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த செப்புக் கம்பியை எல்லாம் உருவி எடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் வந்ததாம். வீடு திருத்தும்போது தூக்கி வைக்க ஆளில்லாமல் கிலோக் கணக்கில் கொடுத்துவிட்டார்களாம். இசைக்குழுவில் ஓர்கன் வாசிப்பவன், பகலில் றேடியோவும் அம்ப்ளிபயரும் திருத்துபவன் என்ற முறையில் எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பாரம் என்ற ஒரு காரணத்துக்காக அந்த வாத்தியத்தை அழிக்கத் தேவையில்லை. பிரித்து, பட்டா என்கிற ஒரு சிறு லொறியில் ஏற்றி மேடைக்கு மேடை கொண்டுபோகலாம். நான் கொண்டுபோகிறேன்.

அந்தக் கடைக்காரர் உருவிய செப்புத்தான் அதன் குரல். பல் வெட்டிய சிறு இரும்புச் சில்லுகள் வரிசையாக ஒரே மோட்டரில் சுழலும். ஒவ்வொரு சில்லுக்கும் எதிரே செப்புக் கம்பி சுற்றிய காந்தம் ஒன்று நிற்கும். பல் கடந்து போகப் போக அந்தச் சுருளில் பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டமே சுரம். பெரிய மாதிரியான பி-3 இல் இப்படி 91 சுரச்சில்லுகள். 1935 இல் முதல் ஓர்கனை விற்பனைக்கு விட்ட லோரன்ஸ் ஹமொண்ட், அதற்கு முன் மின்சார மணிக்கூடு செய்தவர். மணிக்கூட்டை ஓட்டிய அதே வகை மோட்டர்தான் ஓர்கனுக்குள்ளும் ஓடுகிறது.

பாரம் உண்மைதான், மறுக்கவில்லை. மிதிகட்டைகளும் இருந்து வாசிக்கும் வாங்கும் சேர்த்தால் பி-3 190 கிலோவுக்குக் கிட்ட வரும். ஜாஸ் மேதை ஜிம்மி ஸ்மித் அதை ஊர் ஊராக ஏற்றிப்போகப் பிரேத வண்டி ஒன்றை வைத்திருந்தார். என்னிடம் இருப்பது வீட்டுப் பாவனைக்கென்று செய்த எம்-3. தட்டுக்கு, அதாவது கட்டை வரிசைக்கு, 44 கட்டைகளோடு இரண்டு தட்டு. கனடா ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அனுப்பியது. சிறியது என்று பேர், அதுவும் 100 கிலோவைத் தாண்டும்.

இதைப் பிரிக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். மரம் அறுக்கும் வாளைத் தொடுமுன் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடவேண்டும். மேல்தட்டில் ஒரு கட்டைக்கு அடியில் ஒன்பது மெல்லிய தொடுகைக் கம்பிகள் இருக்கின்றன. அவை உள்ளே இருக்கும்போது பலகையை அறுத்தால் மரத்தூள் அங்கேதான் போய் இருக்கும். ஒரு சுரம் ஊமையாக ஒரு துகள் போதும். துளை போடுவது, வெல்டிங் செய்வது எல்லாம் வேறு இடத்தில். சுரச்சில்லுக் காந்தங்கள் இரும்புத்தூளைக் கண்டால் விடாது. கழற்றும்போது ஒவ்வொரு வயருக்கும் ஒட்டுத்தாளில் இலக்கம் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். வால்வு அம்ப்ளிபயருக்குள் 300 வோல்ற் வரையில் ஓடும். ஆளியை நிற்பாட்டிய பிறகும் கெப்பாசிற்றரில் அது தங்கி நிற்கும். வால்வு றேடியோ திருத்திப் பழகாதவர்கள் அந்தப் பகுதியில் கை வைக்கவே கூடாது.

பிறகு தச்சரின் வேலை. இரண்டு தட்டும் சுரச்சில்லுப் பகுதியும் மேல் பெட்டியில் இருக்கட்டும். அதற்குக் கீழே குறுக்காக அறுக்கவேண்டும். அறுத்ததும் பெட்டியின் பலம் பாதி போய்விடும். ஆகையால் அடிக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் போட்டு, நான்கு மூலையிலும் உள்ளே தேக்குக் கட்டை வைத்துத் திருகாணியால் இறுக்கினோம். பக்கத்துக்கு ஒன்றாக இரும்புக் கைபிடி. கால்களுக்கு இரும்புக் குழாயில் மடக்குச் சட்டம். கீபோட் வைக்கும் கத்தரிக்கால் ஸ்ராண்ட் இந்தப் பாரத்துக்குச் சரிவராது, ஒரு பக்கம் சாயும். அம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் தனிப் பெட்டியாகி, பல முனைப் பிளக்கால் மேல் பெட்டியோடு சேரும். மோட்டர் வயரும் ஒலி வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினால் இரைச்சல் கேட்கும். மிதிகட்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன், பேஸ் கிற்றார் இருக்கிறதுதானே. சுரச்சில்லுப் பகுதி அதிர்வு தாங்கிகளில் மிதப்பதால், ஏற்றுமுன் அதை அசையாமல் பிணைக்கவேண்டும். எங்கள் ஒழுங்கைகளின் கிடங்குகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். இப்போது மேல் பெட்டியை இரண்டு பேர் மேடைப் படியில் ஏற்றிவிடுவோம்.

பி-3, சி-3 போன்ற பெரிய மாதிரி எவரிடமாவது இருந்தால் அதை அறுக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். அவை அரிது. அவற்றுக்குப் பூட்டுப் போட்ட ரயர்ச் சில்லுப் பலகை ஒன்றும் நாலு பேரும் போதும். அறுப்பது எம், எல் வகை வீட்டு ஓர்கன்களுக்கு மட்டும்.

கனடா, அமெரிக்காவில் இருந்து ஓர்கன் வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதனால்தான் பலர் "பழுது" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். மோட்டரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணோடு, அதாவது அது செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதோடு, பூட்டியது. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் அலைவெண்ணை மாற்றாது. ஆகவே மோட்டர் மெதுவாகச் சுழன்று, ஓர்கன் முழுவதும் மூன்று அரைச்சுரத்துக்கும் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி ஓர் அரைச்சுரம்) கொஞ்சம் மேலாக இறங்கிப் பாடும். நான் முதலில் மூன்று கட்டை தள்ளி வாசித்தேன், கிற்றார்காரர் எனக்காகத் தன் தந்திகளைச் சற்று இறக்கினார். அப்படியே ஒரு கோயில் திருவிழா மேடையில் பாட்டு நடுவே கரண்ட் நின்று ஜெனரேற்றருக்கு மாறியது. ஜெனரேற்றர் 48 ஹேர்ட்ஸுக்கு இறங்கினால் சுருதி அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட இறங்கும். பாடகி சரியான சுருதியில் நிற்க, ஓர்கன் கீழே கீழே போனது. குளிர்பானக் கடைக்காரர் ஐஸ் பெட்டியைச் செருகும்போதெல்லாம் இன்னும் இறங்கும், பிறகு ஏறும். அந்தப் பிள்ளை அழாத குறையாகப் பாடி முடித்தாள்.

அதற்குத் தீர்வு இருக்கிறது. 12 வோல்ற் பற்றரியில் இருந்து 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் தரும் சைன் அலை இன்வேட்டர் ஒன்று. வட அமெரிக்கப் பாவனைக்குச் செய்தது என்று பார்த்து எடுக்கவேண்டும். ஓர்கன் அதிலே ஓடும், பற்றரியை மேடை மின்சாரம் சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும். கரண்ட் நின்றாலும் ஜெனரேற்றர் தள்ளாடினாலும் சுருதி அசையாது. மலிவான சதுர அலை இன்வேட்டர் வாங்கவேண்டாம். மோட்டர் சூடாகி இரையும்.

நீண்ட காலம் ஓடாமல் இருந்த ஓர்கனை உடனே போட்டுப் பார்க்கவும் வேண்டாம். மேலே உள்ள எண்ணெய்த் தட்டில் இருந்து பருத்தி நூல்கள் ஒவ்வொரு தாங்கிக்கும் எண்ணெயைக் கொண்டுபோகின்றன. தொண்ணூறுகளில் வருடக் கணக்கில் மின்சாரமே இல்லாமல் கிடந்த குடாநாட்டில் பழைய ஓர்கன் ஏதும் இருந்திருந்தால் அந்த நூல்கள் காய்ந்துதான் போயிருக்கும். ஓர்கனுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை விட்டு, நூல் ஊறச் சில நாள் பொறுங்கள். தேங்காயெண்ணெயை ஊற்றினால் பிசினாகி எல்லாம் இறுகிவிடும்.

பதினைந்து கிலோ கீபோட்டில் இதே சத்தம் வருகிறதே என்று எங்கள் குழுவுக்குள்ளேயே கேட்கிறார்கள். வருகிறது, நன்றாகவே வருகிறது. பல மேடைகளுக்கு அது போதும். ஆனால் கீபோட்டின் சிப் எரிந்தால் அதோடு சரி. அறுபது வருடத்துக்கு முந்திய இந்த எம்-3 ஐ ஈயம் பற்றவைக்கும் கோலும் பொறுமையும் இருக்கும் எந்தப் பிள்ளையும் திருத்தலாம். கட்டையை மெல்ல அழுத்தும்போது ஒன்பது தொடுகைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வது விரலுக்குத் தெரியும். அதைப் பழகிய கைக்கு வேறு எதுவும் ஈடாகாது என்று நான் நம்புகிறேன்.

வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ தேவாலயத்திலோ இப்படி ஓர்கன் வைத்திருப்பவர்கள், விற்குமுன் பின்பலகைப் பக்கம் உள்ள தகட்டைப் பாருங்கள். மாதிரியின் பெயரும், 50 அல்லது 60 என்ற அலைவெண்ணும் அதில் இருக்கும். அந்த இரண்டையும் ஒரு கடிதத்தில் குறித்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால், ஆசிரியர் அவர்கள் அதை என் போன்றவர்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். வந்து பார்ப்பதற்கும் எண்ணெய் விடுவதற்கும் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
இசைக்குழு ஓர்கன் வாத்தியக்காரர்,
குருநகர், யாழ்ப்பாணம்.