உப்பைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

நான் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் பேரன் நான்காம் படிவம் படிக்கிறான். போன வாரம் உப்புப் பாடத்தை, அதாவது ஓர் உப்பில் என்ன அயனிகள் (மின்னேற்றமுள்ள துகள்கள்) இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் சோதனைகளை, ஒப்பித்துக்கொண்டிருந்தான். துத்தநாக அயனியில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் வெள்ளை மெண்டாக்கான் (வீழ்படிவு, கரையாமல் படியும் பொருள்), மிகையாக விட்டால் கரைந்துவிடும், அமோனியாவிலும் அப்படியே. ஒரு பிழை இல்லை. "நீ கரைச்சுப் பாத்தியாய்யா?" என்று கேட்டேன். "டீச்சர் முன்னால செஞ்சு காட்டினாங்க பாட்டி. பின்னால இருந்ததால சரியாத் தெரியல" என்றான்.

ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பில் 35 பேர், குளோரைடைக் கண்டுபிடிக்க உதவும் சில்வர் நைட்ரேட் விலையோ விலை. அந்தக் கணக்கை நானும் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் வேதியியல் மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வு. துளிசொட்டியைப் பிடித்தே பழகாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? அவசரத்தில் மொத்தத்தையும் பீய்ச்சிவிடும். வீழ்படிவு வந்ததும் தெரியாது, கரைந்ததும் தெரியாது. 'மாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டு வரும். ஒரு துளி, ஒரு குலுக்கு, ஒரு பார்வை என்பது கைக்குத்தான் பழக வேண்டும்.

அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் ஒட்டாத ஓர் உப்பைக் கொடுத்து, அது எந்த உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். செலவைக் குறைக்க வழி இருக்கிறது. சோதனைக்குழாயில் 2 மில்லி ஊற்றினால் 35 பேருக்கு 70 மில்லி போய்விடும். குழித்தட்டில் ஆளுக்கு 3 துளி என்றால் மொத்தம் 105 துளி. 20 துளி ஏறக்குறைய 1 மில்லி என்பதால், ஐந்தரை மில்லிகூட ஆகாது. லிட்டருக்கு 0.05 மோல் செறிவில் 100 மில்லி சில்வர் நைட்ரேட் கரைசல் செய்ய ஒரு கிராமுக்கும் குறைவான தூள் போதும். பல வகுப்புகளுக்கு அது வரும்.

உப்பை எங்கே தேடுவது? நம்மைச் சுற்றியே இருக்கிறது. செம்பனைக்குப் போடும் உரத்தில் அம்மோனியம் சல்பேட் உண்டு, கீசரைட் என்ற மக்னீசியம் சல்பேட் உண்டு, பொட்டாஷ் என்ற பொட்டாசியம் குளோரைடு உண்டு. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு ஆளுக்கொரு சிட்டிகை வாங்கலாம். கீசரைட் மெதுவாகத்தான் கரையும், முதல் நாளே வெந்நீரில் கலக்கி வைக்க வேண்டும். பொட்டாஷ் உரம் சிவப்பாக இருந்தால் வடிகட்டிவிடுங்கள். அம்மோனியம் சல்பேட்டோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் ஒரு நெடி வரும், ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாகும். என் அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர். அந்தப் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அந்த நெடியோடு வளர்ந்த நான், அது ஓர் அயனியின் அடையாளம் என்று ஆய்வுக்கூட வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் பேரனுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

செய்முறைக்கு முதல் நாள் எல்லாப் போத்தல்களையும் தெரிந்த உப்பில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பழைய அமோனியா வீரியம் இழந்திருக்கும், துத்தநாக வீழ்படிவு அதில் சரியாகக் கரையாது. பிள்ளை தான்தான் தவறிவிட்டதாக நினைத்து மருகும். இரும்பு(II) கரைசலை அன்று காலையிலேயே கலக்குங்கள். வைத்திருந்தால் காற்றுப் பட்டு இரும்பு(III) ஆகிவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள குளோரைடே சில்வர் நைட்ரேட்டை வெண்மையாக்கிவிடும். அதே சோதனைக்கு முன் நீர்த்த நைட்ரிக் அமிலம்தான் விட வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், நாமே குளோரைடைச் சேர்த்தது போலாகும்.

அலுமினியத்தையும் ஈயத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடு, அமோனியா என்ற இந்த இரண்டு காரங்களால் பிரித்தறிய முடியாது. அங்கே பொட்டாசியம் அயோடைடு வேண்டும். ஈயம் இருந்தால் மஞ்சள் வீழ்படிவு வரும், சூடாக்கினால் கரையும், ஆறினால் பொன் துகளாக மின்னிக்கொண்டு திரும்பி வரும். தயவுசெய்து இதை மட்டுமாவது ஒவ்வொரு பிள்ளையும் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம், ஈயமும் பேரியமும் நஞ்சு. சிங்க்கில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்க்க வேண்டும். நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையை ஆசிரியரே செய்து காட்டட்டும். அடர் சல்பூரிக் அமிலத்தைப் பிள்ளைகளிடம் தரக்கூடாது.

சங்கத்தாரிடம் நான் கேட்பது மூன்று பொருள்: குழித்தட்டு, துளிசொட்டி, ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கரைசல் கலக்க ஆள் போதாவிட்டால் பள்ளி அனுமதியோடு நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். செய்முறை எந்த நாள் என்று மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், அமோனியாப் போத்தலை முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆய்வுக்கூட உதவியாளர்
சுங்கை சிப்புட், பேராக்