பெடல் மெத்தென்று போகிறது என்றாயே

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ கேட்டதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "பிரேக் பெடல் கொஞ்சம் மெத்துனு போகுதுப்பா, 98 டொயோட்டா ஹைலக்ஸ்தானே, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்குமோ?" என்றாய். இருக்காதும்மா. எவ்வளவு பழைய வண்டியானாலும் மிதித்தால் பெடல் காலுக்குக் கெட்டியாக நிற்க வேண்டும். அம்மா வேறு பக்கத்தில் போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரேக் எண்ணெய் மாற்றுவதற்கு முன் ஒன்று பார். வண்டியை ஸ்டார்ட் செய்து பெடலை ஒரே அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிரு. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் பம்பு) ரப்பர் போயிருக்கலாம், இல்லை எங்கோ கசிகிறது. பின் சக்கரங்களின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா, ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அப்படி ஏதாவது தெரிந்தால் வண்டியை எடுக்காதே, பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல். கசிவு இல்லை, எண்ணெய் அளவும் குறையவில்லை என்றால் லைனில் காற்று இருக்கும், எண்ணெயும் கெட்டிருக்கும். காற்றை எடுத்து எண்ணெயை மாற்றுவதை நீயே செய்யலாம்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று உனக்குச் சொன்னதில்லை. 1993ல், நீ பிறப்பதற்கு முன்பு, தவுக்கேயின், அதாவது முதலாளியின், லோரியில் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பா பக்கம் இறங்கினேன். நல்ல லோடு. அவசரத்தில் கியரைக் குறைக்காமல் வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் நம்பி வந்தேன். பாதி மலையில் பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இரண்டாவது கியரைத் திணித்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்ணில் உரசவிட்டுத்தான் நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. அப்போதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஊருக்கு வந்து பிரேக் எண்ணெய் மூடியைத் திறந்தால் எண்ணெய் கோப்பி ஓ, பால் விடாத காப்பி, நிறத்தில் இருந்தது. புது எண்ணெய் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும்.

காரணம் தண்ணீர். பிரேக் எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் வழியாக உள்ளே போய்விடும். பிரேக் எண்ணெயை டாட் 3, டாட் 4 என்று தரம் பிரிப்பார்கள். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் கணக்கு. டாட் 4க்கு இது 230, 155. இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவி வரும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். நீ மிதிப்பதெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. ஆறினால் ஆவி அடங்கிப் பெடல் திரும்பிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது போல நம்மை ஏமாற்றும். நீ பெர்த்திலிருந்து நார்த்தம் போய்த் திரும்பும்போது கிரீன்மவுண்ட் இறக்கம் இருக்கிறதே, அதை நினைத்துத்தான் நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். சீல் உடைக்காத அரை லிட்டர் டாட் 4 பாட்டில் இரண்டு வாங்கு. வண்டியின் பிரேக் எண்ணெய் டப்பா மூடியில் டாட் 3 என்றிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று எழுதியதை மட்டும் தொடாதே, அது சிலிக்கோன், இதோடு சேராது. திறந்து வைத்த பழைய பாட்டில் யார் கொடுத்தாலும் வேண்டாம். எஞ்சின் எண்ணெயோ பவர் ஸ்டியரிங் எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது, ரப்பரெல்லாம் ஊதிப்போய் மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் நாள் இரவே நான்கு சக்கரத்திலும் எண்ணெயை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வை. காலையில் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று ரிங் ஸ்பேனரால் மெல்ல அசைத்துப் பார். வாய் திறந்த ஸ்பேனர் போட்டால் முனை உருண்டுவிடும். சுங்கை ரோடு சந்தையில் நான் வாங்கிய ரிங் ஸ்பேனர் உன் பெட்டியில்தானே இருக்கிறது? அந்தச் சந்தையை 2017ல் மூடிவிட்டார்கள், ஸ்பேனர் இன்னும் ஆடாமல் பிடிக்கும்.

வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு (சக்கரங்களை இணைக்கும் அச்சு) கீழே வை, சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) கீழே வேண்டாம். உன் வண்டியில் சுமைக்குத் தகுந்தபடி பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு இருந்தால், ஆக்ஸில் தொங்கும்போது வண்டி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்னால் போகும் எண்ணெயை அது குறைத்துவிடும். வெறும் ஜாக்கை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதே.

மாஸ்டர் சிலிண்டரின் மேல் டப்பாவில் இருக்கும் அழுக்கு எண்ணெயைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்று. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நமக்கும் உங்களுக்கும் ஸ்டியரிங் வலது பக்கம், அதனால் இடது பின் சக்கரம் முதலில், அப்புறம் வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் வலது பின் என்பார்கள், அது அவர்கள் வண்டிக்கு. நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் தெளிவான குழாயைச் சொருகி, மறுமுனை பாட்டிலில் எண்ணெய்க்குள் முழுகியிருக்கட்டும்.

மிதிக்க ஓர் ஆள் வேண்டும். உன்னோடு தங்கியிருக்கும் அந்தப் பெண்ணைக் கூப்பிடு. டெஃபு லேன் பட்டறையில் சனிக்கிழமைகளில் உன்னை சீட்டின் விளிம்பில் உட்கார வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? எட்டு வயது. கால் எட்டாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இரண்டு காலாலும் மிதிப்பாய். நான் அடியிலிருந்து "அமுக்கு" என்பேன். "பிடிச்சிட்டேன்பா!" என்று கத்துவாய். நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் பெடல் இறங்கும், நீ பயந்துபோய் "போகுதுப்பா, போகுது!" என்பாய். மூடிவிட்டுத்தான் "விடு" என்பேன். ஒரு தடவைகூட நீ முந்திக்கொண்டு காலை எடுத்ததில்லை. மூடுவதற்கு முன் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும் என்று உனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அதையே அந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடு.

பெடலுக்குக் கீழே ஒரு கட்டை வை, தரைவரை போகக் கூடாது. பழைய சிலிண்டரில் வழக்கமாகப் போகாத இடத்துக்கு ரப்பர் போனால் அங்கே இருக்கும் துரு அதைக் கிழித்துவிடும். ஐந்து மிதிக்கு ஒரு முறை மேல் டப்பாவைப் பார்த்து நிரப்பு. அது வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். குழாயில் குமிழி நின்று, தெளிந்த எண்ணெய் வந்ததும் அடுத்த சக்கரம். நிப்பிளை முரட்டுத்தனமாக இறுக்காதே. பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு, விட்டால் உரித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள். பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடு.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடி, நான்கு நிப்பிளையும் விரலால் தொட்டுப் பார். அப்புறம் வாசலுக்குள்ளேயே நாலு தடவை மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்.

முப்பத்தைந்து வருஷம் நான் இந்த வேலையைச் செய்தது எல்லாம் அடுத்தவர் பட்டறையில்தான். நம் புளோக் கார்பார்க்கில் போனட்டைத் திறந்து நின்றாலே தடுக்க ஆள் வந்துவிடும். உனக்குச் சொந்த வாசல் இருக்கிறது, கூரை இருக்கிறது. அங்கே நீ அடியில் படுத்திருப்பதை நினைத்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா?

பெர்த்துக்கும் நமக்கும் ஒரே மணிதான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பி. வீடியோவில் கூப்பிட்டு, போனை அந்த இடது பின் சக்கரத்துப் பக்கம் சாய்த்து வை. குழாய் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா