மச்சான், அந்த ட்றிலைக் கொண்டு வராதே

கிளிநொச்சி
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மச்சான்,

உன் குரல் பதிவு கிடைத்தது. இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் என் மனைவியும் கேட்டுவிட்டு, "ரொறன்ரோ போய் இத்தனை வருஷமாகியும் மனுசன் இன்னும் இழுத்து இழுத்துத்தான் கதைக்கிறார்" என்றாள். நானும் குரலிலேயே பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். எழுதினால்தான் நீ திரும்ப எடுத்துப் பார்ப்பாய்.

முதலில் ஊர்ப் புதினம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, சிறுபோகம் பச்சையாய் நிற்கிறது. உன் வளவுப் பலாவில் மூன்று காய் வந்தது. மூன்றையும் குரங்கு முடித்துவிட்டது. கிணறு இறைத்துத் துப்புரவாக்கியாயிற்று. முன் அறை யன்னல் நிலையில் கறையான் ஏறியிருக்கிறது. மாற்றுவதற்கு முதிரைப் பலகை பார்த்து வைத்திருக்கிறேன். விலையை இப்போது சொன்னால் நீ பயணத்தையே நிறுத்திவிடுவாய், வந்த பிறகு சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வந்து அப்பாவின் வீட்டில் சுவர்த் தட்டு, திரைச்சீலைக் கம்பி எல்லாம் நானே பூட்டுவேன், அதற்கென்று துளை போடுகிற ட்றில் மெசின் ஒன்று வாங்கிவிட்டேன், போகும்போது அதை உனக்கே தந்துவிட்டுப் போவேன் என்று சொல்கிறாய். உன் மனம் தெரியும். ஆனால் அது வயர் உள்ள மெசின் என்றால் கொண்டு வராதே. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மாற்றிக் கொளுவினால் பேய் வேகத்தில் ஓடும், கொஞ்ச நேரத்தில் புகை வரும், அவ்வளவுதான். பற்றரி ட்றில் என்றால் சார்ஜரின் அடியைத் திருப்பிப் பார். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் சரி. வெறும் 120 என்று இருந்தால் அதுவும் இங்கே உதவாது. பற்றரியைக் கைப்பையில் வை. கழற்றிய லித்தியம் பற்றரியைப் பெட்டியில் போட விடமாட்டார்கள். 18 வோல்ட், 5 அம்பியர்-மணி என்றால் 90 வோற்-மணி. 100க்கு உட்பட்டதற்குத் தனி அனுமதி கேட்பதில்லை.

இதை எழுதவே இவ்வளவு நேரம் என்றால், மெசினைப் பற்றி எழுத எவ்வளவு ஆகுமோ. தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வாசி.

அங்கே உன் வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகை, பென்சிலால் குத்தினாலே ஓட்டை விழும் என்று நீதான் சொன்னாய். உன் அப்பாவின் வீடு சீமெந்துக் கல். யன்னலுக்கு மேலே ஓடுகிற லிண்டல் முழுக் கொங்கிறீற், உள்ளே கம்பி. திரைச்சீலைக் கம்பிக்கு ஓட்டை போடுகிற இடம் பார்த்துப் பார்த்து அந்த லிண்டலில்தான் வரும். ட்றிலின் முனையில் சுற்றுகிற பிட் உள்ளே இருக்கிற கம்பியில் முட்டினால் நின்றுவிடும். மோட்டர் நிற்காது. அதன் பலமெல்லாம் பிடித்திருக்கிற கையில் வந்து விழும். பிளாஸ்டிக் கதிரைக்கு மேல் நின்று ஒற்றைக் கையால் பிடித்திருந்தால், மணிக்கட்டு முறுகிக் கீழே கிடப்பாய். நம்மூரில் திரைச்சீலை போடுகிற அத்தனை பேரும் பிளாஸ்டிக் கதிரையில்தான் ஏறுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே வயிறு கலங்கும்.

என் அப்பாவின் துறப்பணம் உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் ஜாம் போத்தல் விளக்கில் கணக்குச் செய்ய, அவர் விறாந்தையில் இருந்து வில்லை முன்னும் பின்னும் இழுத்துப் பாலை மரத்தில் துளை போடுவார். ஒரு துளைக்கு ஒரு வெற்றிலை என்று கணக்கு. வில் நின்றால் துறப்பணம் நின்றுவிடும். மரம் இறுகினால் அவர் கை உடனே அறிந்துவிடும். மெசினில் அந்தப் பேச்சுவார்த்தை இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியும் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. கரண்ட் இல்லாத காலத்தில் வேலை பழகிய எங்களுக்குத்தான் இது இன்னும் மோசம். கை பழைய கை, நம்பிக்கை பழைய நம்பிக்கை, கருவி மட்டும் புதிது.

என் இடது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கிற தழும்பைப் போன முறை வந்தபோது கேட்டாய். தகரம் வெட்டிவிட்டது என்றேன். பொய். வெட்கத்தில் சொன்ன பொய். மரவேலை ஓடாவியாரின் மகன், இத்தனை வருஷம் பட்டறை நடத்துகிறவன், அதை எப்படிச் சொல்வேன்?

ஒரு கேற்றுக்குத் தாழ்ப்பாள் தகடு. 3 மில்லிமீற்றர் கனம், உள்ளங்கை அகலம். 10 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று வேண்டும். தகட்டை மேசையோடு இறுக்குகிற ஜீ கிளாம்ப் வேறு வேலையில் பூட்டியிருந்தது. ஒரு ஓட்டைதானே என்று தகட்டை மேசையில் வைத்து இடது கையால் அமத்திக்கொண்டு சுவிட்சை அழுத்தினேன். முக்கால்வாசி நல்லாய்த்தான் போனது, இரும்புச் சுருள் சுருளாய் வந்தது. ஆபத்து பிட் அடிப்பக்கத்தால் வெளியே வருகிற அந்த நொடியில்தான். அதுவரை அரைத்துக்கொண்டிருந்த விளிம்பு, கடைசியாய் மிஞ்சியிருக்கிற மெல்லிய தோலைப் பல்லால் கடிப்பது போலக் கவ்வும். கவ்வியதும் தகடு பிட்டோடு சேர்ந்து விசிறி மாதிரிச் சுற்றும். சுற்றியது. தகட்டின் மூலை கையைக் கிழித்தது. ஏழு தையல். எலும்பில் படவில்லை, நரம்பில் படவில்லை, பிள்ளையார் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு என் பட்டறையில் எவ்வளவு சின்ன இரும்பென்றாலும் கிளாம்ப் போடாமல் துளை இல்லை. முதலில் ஆணியாலோ, பஞ்ச் என்கிற இரும்புக் கூராலோ ஒரு குழி தட்டுவோம், இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். பிறகு 3 மில்லிமீற்றர் பிட்டால் ஒரு சின்ன ஓட்டை, அதற்குப் பிறகுதான் 10. பெரிய பிட்டுக்கு வேகம் குறைவு. இரும்பென்றால் ஒரு சொட்டு எண்ணெய். தகட்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. வெளியே வரப்போகிறது என்று சத்தம் மாறும்போது அமத்துவதைத் தளர்த்த வேண்டும். நீ வந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பழக்குகிறேன். எழுத்தில் சொல்ல வராது.

உடுப்பு விஷயம் ஒன்று. சாரம் கட்டிக்கொண்டு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ட்றில் பிடிக்க வராதே. சாரத்தை மடித்துக் கட்டினாலும் அவிழும், துவாய் குனியும்போது வழுகும், சுற்றுகிற பிட்டில் ஒரு நூல் பட்டால் போதும். நூல் கையுறையும் அதே மாதிரித்தான். கையைக் காப்பாற்றப் போடுகிறோம் என்று நினைப்போம், அது பிட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த வேலைக்கு வெறுங்கை நல்லது. ஒரு காற்சட்டை எடுத்து வா.

இன்னொன்று, அதுவும் எனக்கு நடந்ததுதான். ட்றிலில் சுவிட்சை அழுத்தியபடி பக்கத்தில் இருக்கிற சின்னப் பொத்தானை அமத்தினால் பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்தாலும் மெசின் ஓடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலம். பொத்தானைப் பூட்டி வேலை செய்துகொண்டிருந்தேன், கரண்ட் போனது. மெசினை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். நான் மறந்தது இரண்டு: பொத்தான், பிளக். கரண்ட் வந்தபோது மெசின் மேசையில் தானாக எழும்பித் துள்ளி, வயரைத் தன்மேல் சுற்றிக்கொண்டு நிலத்தில் விழுந்து உருண்டது. பக்கத்தில் நின்றது நாய் மட்டும். அது இன்றைக்கும் ட்றில் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். கரண்ட் போனால் முதலில் பிளக்கைக் கழற்று. பிட் மாற்றும்போதும் அப்படித்தான். பிட்டை இறுக்குகிற சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஓட விட்டால் அது எங்கே போய்க் குத்தும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது சொல்லப்போவதை உனக்கு ரொறன்ரோவில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

போன சித்திரையில் ஒரு ஐயா சைக்கிள் கரியரில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்ததாம். முழங்கை நீளம், ஒரு பக்கம் மூடியிருந்தது, மேலெல்லாம் மண்ணும் துருவும் கட்டி. தண்ணீர்ப் பம்பைத் தூக்கி வைக்கக் கால் செய்யப்போகிறேன், இரண்டு ஓட்டை போட்டுத் தா தம்பி என்றார். என்னோடு வேலை பழகுகிற பெடியன் அதற்குள் ட்றிலைக் கையில் எடுத்துவிட்டான். இருபது வயது, 2009இல் சண்டை முடிந்தபோது சின்னப் பிள்ளை. அவனுக்கு அது குழாய். நான் "டேய் வை" என்று கத்தினதில் அவன் பயந்தே போனான். மெசினை வைத்து, ஐயாவையும் கூட்டிக்கொண்டு, குழாயைச் சைக்கிளோடு அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் றோட்டுக்குப் போனோம். பொலிஸுக்கு, 119க்கு அடித்தேன். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது.

வந்தவர்கள் பார்த்துவிட்டு இது ஏதோ பழைய லொறிச் சாமான் என்றார்கள். ஐயா இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால், "என்ன தம்பி, குண்டு வெடிச்சதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற ஹலோ டிரஸ்ட்காரர் எத்தனை வருஷமாக அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகிறார்கள் என்று நீயும் பார்த்துவிட்டுத்தானே போனாய். உன் வளவில் நீ கிண்டும்போது ஏதாவது இரும்பு வந்தால் தொடாதே, தூக்காதே, அழகாய் இருக்கிறது பூச்சாடிக்கு ஓட்டை போடலாம் என்று என்னிடம் கொண்டு வராதே. அங்கேயே விட்டுவிட்டுச் சொல்லு.

உன் வீட்டுக்குத் திரும்புகிறேன். சுவரில் வயர் உள்ளே பதித்துத்தான் இருக்கிறது. சுவிட்சிலிருந்து நேரே மேலே போகும், சில இடத்தில் குறுக்காலும் போகும். சுவிட்சுக்கு நேர் மேலேயும் பிளக்குக்கு நேர் பக்கத்திலும் ஓட்டை வேண்டாம். உன்னுடையது பற்றரி ட்றில் என்றால் இன்னும் வசதி. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டே வேலை செய்யலாம். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சைப் போன கிழமை நான் போய்ச் சோதித்தேன். அதில் டி என்று போட்ட பொத்தானை அமத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை. பழையது, துருப்பிடித்துச் செத்துக் கிடந்தது. 30 மில்லி அம்பியர் புதியது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வயரிங்காரர் ஞாயிறு வருகிறார். இந்தச் செலவை உன் கணக்கில் எழுதியாயிற்று.

பிறகு அந்தக் குசினிக் கூரைச் சீற். லைற் கொளுவ அதில் ஒரு ஓட்டை போட்டால் போதும் என்றாய். அது அஸ்பெஸ்டஸ். ட்றிலால் காயக் காயத் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், சுவாசத்தோடு உள்ளே போனால் எல்லாம் வெளியே வராது, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். அதிலே நல்ல வகை, கெட்ட வகை என்று இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நம்மாட்கள் இதைக் கேட்டால், செல்லடிக்குத் தப்பினவன் சீற்றுக்குச் சாவானா என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. சீற்றைத் தொடவே வேண்டாம், லைற்றை வளை மரத்தில் பூட்டித் தருகிறேன்.

ட்றிலுக்குப் பதிலாக ஏதாவது கொண்டு வரத்தான் வேண்டுமென்றால், வேலைக்குப் போடுகிற கண்ணாடி மூன்று கொண்டு வா. பெடியனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. மூன்றாவது கொஞ்சம் பெரிதாக, மூக்குக்கண்ணாடிக்கு மேலே போடக்கூடியதாக இருக்கட்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, இதைக்கூட வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துத்தான் எழுதுகிறேன்.

எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்கூட்டிச் சொல்லு. ஸ்ரேசனுக்கு ஓட்டோ வேண்டாம், நான் வருகிறேன். அம்மா இப்போதே ஒடியல் மா எடுத்து வைத்துவிட்டார்; கூழுக்கு நண்டு மட்டும்தான் பாக்கி.

உன் பழைய கூட்டாளி