பீர்க்குக்கு ஒரு வரி போதாது: அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அகராதியும் கலைச்சொல் பட்டியலும் தொகுக்கும் பெருமக்களுக்கு வணக்கம்.

பீர்க்கு என்று தேடினால் 'ஒரு கொடி. அதன் காய்' என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எந்தப் பீர்க்கு? என் அனுபவத்தையே சொல்கிறேன்.

'பீர்க்கு' என்று மட்டும் அச்சிட்ட விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கி ஊன்றினேன். கொடி மளமளவென்று ஏறியது. மஞ்சள் பூக்கள் விடியற்காலையில் மலர்ந்தன. நான் எதிர்பார்த்தது வரிப்பீர்க்கு, காயின் மேல் நீளவாக்கில் வரிவரியாக முகடு உள்ளது. அது சாயங்காலம் பூப்பது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காய் வந்தபோது அதன் மேல் முகடே இல்லை. வழவழவென்று வெள்ளரிக்காய்க்கு அண்ணன் மாதிரித் தொங்கியது. நுரைப்பீர்க்கு! மெழுகுபீர்க்கு என்றும் சொல்வார்கள். விதையைத் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: வரிப்பீர்க்கின் விதை சொரசொரப்பு, இதன் விதை வழவழப்பு, ஓரத்தில் மெல்லிய இறக்கை போல ஒரு விளிம்பு. இவ்வளவையும் கொடி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அகராதி சொல்லவில்லை.

பெயரில் வேறு குழப்பம். ஆங்கிலத்தில் இந்தக் கொடிக்கும் அதன் நாருக்கும் வழங்கும் 'லூஃபா' என்ற பெயர் அராபியச் சொல்லிலிருந்து வந்தது. 1638இல் வெஸ்லிங் என்ற தாவரவியலாளர் எகிப்தில் பயிராகும் கொடியைப் பார்த்து 'எகிப்து வெள்ளரி' என்று எழுதினார். இன்றும் அதன் அறிவியல் பெயரில் எகிப்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொடியின் பூர்வீகமோ ஆசியா! நமக்கோ பீர், பீரம் என்று சங்கப் பாடல் காலத்திலிருந்தே பெயர் உண்டு. பிரிவில் வாடும் பெண்ணின் பசலைக்கு இந்தப் பூவின் மஞ்சளைத்தான் உவமை சொன்னார்கள்.

அப்புறம் அந்த நார். முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டால் பழுப்பேறி, எடையே இல்லாமல், ஆட்டினால் விதை கலகலக்கும். நுனியில் இருக்கும் சின்ன மூடி தானே கழன்று விதை கொட்டும். தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரித்தால் உள்ளே பின்னல் பின்னலாக ஒரு கூடு. காய்ந்தால் விறைக்கும், நனைத்தால் மெத்தென்று ஆகும். முதுகு தேய்க்கலாம், பாத்திரம் விளக்கலாம், செருப்புக்குள் மெத்தை வைக்கலாம். ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்களில் எண்ணெய் வடிகட்டவும் பயன்பட்டது. குளித்த பிறகு பிழிந்து காயப்போடாவிட்டால் கிருமி சேரும். நாள்பட்டதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இதற்குப் பீர்க்கங்கூடு, பீர்க்கம் நார் என்று நல்ல பெயர்கள் இருக்க, 'லூஃபா: ஒருவகைப் பஞ்சு' என்று போட்டால் எப்படி? படித்த நண்பர் ஒருவரே இது கடலில் கிடைப்பது என்று நம்பிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, குளியலறையில் தொங்கும் பிளாஸ்டிக் வலைப்பந்துக்கும் இப்போது லூஃபா என்றே பெயர். அதை வலைப்பந்து என்றே எழுதிவிடுங்கள், பீர்க்கின் வாரிசாக்க வேண்டாம்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரிப்பீர்க்குக்கும் நுரைப்பீர்க்குக்கும் தனித்தனிப் பதிவு; பீர்க்கங்கூட்டுக்கு ஒரு பதிவு. இடமிருந்தால் இன்னும் ஒன்று: இளங்காய்தான் கறிக்கு ஆகும், வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட வேண்டும், அந்தக் கசப்பு வயிற்றைக் கலக்கிவிடும். அடுத்த பதிப்பில் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வரிப்பீர்க்கு கேட்டு நுரைப்பீர்க்கு அறுத்தவன்