தம்மபதத்தில் வரும் 'நாகம்' யானையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வெசாக் நாள் நெருங்கும்போது, பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான தம்மபதத்திலிருந்து தமிழில் பகிரப்படும் வரிகளில் ஒன்று, "போர்க்களத்து நாகம் போல வசைகளைப் பொறுத்துக்கொள்வேன்" என்று வருகிறது. படிப்பவர் மனத்தில் படமெடுத்த பாம்புதான் எழும். மூலத்தில் இருப்பது பாம்பு அல்ல, யானை.

'அஹம் நாகோவ ஸங்காமே, சாபதோ பதிதம் ஸரம்' என்பது 320ஆம் பாடல். வில்லிலிருந்து பாய்ந்த அம்பு தைத்தும் களத்தில் நிலைகுலையாமல் நிற்கும் களிற்றைப் போல, வசைச்சொல்லைத் தாங்குவேன் என்பது பொருள். அடுத்த பாடலில், பழக்கப்பட்டதன் மீதே அரசன் ஏறுகிறான் என்று வருகிறது. 324இல் தனபாலன் என்ற களிறு கட்டுண்டு கிடக்கிறது. 'கபளம்' உண்ண மறுக்கிறது. அது நம் கவளமேதான். அது நினைத்து ஏங்கும் 'நாகவனம்' யானைக்காடு. இந்த 14 பாடல்கள் அடங்கிய 23ஆம் பகுதிக்கே நாகவர்க்கம் என்று பெயர். இங்கே பாம்பைக் கொண்டுவந்தால் பகுதி முழுவதும் குலைந்துவிடும்.

பிழைக்குக் காரணம் உண்டு. முசலிந்தன் என்ற நாகராசன் ஏழு நாள் மழையில் புத்தருக்குப் படம் விரித்துக் குடை பிடித்த சிலையைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பேச்சிலும் நாகம் என்றால் பாம்புதான். ஆனால் நம் நிகண்டுகளே நாகத்துக்கு யானை என்றும் பொருள் தருகின்றன. வானுலகம் என்ற பொருளும் அங்கே உண்டு. அது 'நாக' அல்ல, க வல்லினமாக ஒலிக்கும் வேறொரு வடசொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பாலியைத் தமிழ் எழுத்தில் மட்டும் படிப்பவர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எது எங்கே என்று அறிய, பக்கத்துச் சொற்களைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். யானையைக் குறிக்கும் குஞ்சர, மாதங்க, ஹத்தி என்ற சொற்களோ போர், காடு, தந்தம் ஆகியவையோ அருகில் இருந்தால் யானை. படம், சுருள், ஏரி, கருடன், புற்று இருந்தால் பாம்பு. புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 23ஆம் சூத்திரத்தில் ஒரு புற்றைத் தோண்டுகிறார்கள். தேரை, ஆமை, கொலைக்கத்தி, இறைச்சித்துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்தெறிந்தபின் கடைசியில் நாகம் தெரிகிறது. "அதைத் தொடாதே, வணங்கு" என்கிறது பாடம். புற்றுக்குப் பால் வார்க்கும் நமக்கு இந்தக் காட்சி உடனே புரியும். அங்கே பாம்பு என்பதே சரி. அந்தப் பாம்பு மாசற்ற துறவியைக் குறிக்கிறது.

யானை, பாம்பு ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது பொருளான 'குற்றமற்றவர்' என்பதுதான் மிகச் செறிவானது. அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு உரைத் தொகுப்பின் ஆறாம் தொகுதியில், பசேனதி மன்னரின் யானையைக் கண்டு மக்கள் "ஆகா, நாகம்!" என்று வியக்கிறார்கள். யானை, குதிரை, எருது, பாம்பு, மரம், மனிதர் என எதுவானாலும் உடல் பெரிதாக இருந்தால் உலகம் நாகம் என்கிறது. உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் 'ஆகு', அதாவது குற்றம், செய்யாதவரையே நான் நாகம் என்பேன் என்கிறார் புத்தர். இதைக் கேட்ட உதாயி என்ற துறவி, புத்தரையே யானையாக வைத்துப் பாடுகிறார்: நம்பிக்கை துதிக்கை, நடுநிலை வெண்தந்தம், விழிப்பு கழுத்து, அறிவு தலை, தனிமை வால். துதிக்கையும் தந்தமும் வரும் இந்தப் பாடலில் பாம்புக்கு இடமே இல்லை.

புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரையும் மொக்கல்லானரையும் 'இரு மகாநாகர்' என்று சொல்லும் இடங்களில் எந்த விலங்கின் பெயரும் வேண்டாம். 'பெரியோர் இருவர்' என்று எழுதலாம். தம்மபத வரிகளைத் தமிழில் வெளியிடுவோர் 'களிறு' என்றே எழுதி, பாடல் எண்ணையும் உடன் தர வேண்டுகிறேன். எண் இருந்தால் எவரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்